புதுச்சேரி தெருப் பலகையும் உங்கள் ஃபாண்ட் பட்டியலும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லாஸ்பேட்டையிலிருந்து என் சித்தப்பா ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு வந்தார். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நம் ஊர்க்காரர்கள்தான். ஆனால் மூன்று தலைமுறையாகப் பிரான்சில் இருப்பவர்கள். புதுச்சேரியில் இது சாதாரணம். அந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழ் படிக்க வரும். பேரப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மட்டும்தான். அதனால் அழைப்பிதழ் இரண்டு மொழியிலும், ஒரே அட்டையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"நானே வேர்டுல அடிச்சு முடிச்சிட்டேன் தம்பி. பிரஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தா தமிழ் எல்லாம் பூச்சி பூச்சியா வருது. நீ கொஞ்சம் பாரு" என்றார்.

பார்த்தேன். ஒன்றல்ல, மூன்று கோளாறுகள். முதலாவது, அவர் சொன்ன பூச்சி எழுத்து. இரண்டாவது, தமிழ், பிரெஞ்சு இரண்டுக்கும் 14 என்றே ஃபாண்ட் சைஸ் வைத்திருந்தார். ஆனால் பிரிண்டில் இரண்டும் வேறு வேறு அளவில் தெரிந்தன. தமிழ் கொட்டை எழுத்தாகவும், பிரெஞ்சு அடிக்குறிப்பு போலவும் இருந்தன. மூன்றாவது, மேல் வரியில் உள்ள 'கு', 'மு' ஆகியவற்றின் வால், கீழ் வரியில் உள்ள 'கி', 'தீ' ஆகியவற்றின் கொக்கியில் போய் இடித்துக்கொண்டிருந்தது.

இவை எல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த தொல்லைகள் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் இவற்றின் வயது சுமார் 300 ஆண்டுகள். ரோமன் எழுத்துக்காகச் செய்த பெட்டிக்குள் தமிழை உட்கார வைக்கும் வேலை, ஈய அச்சுக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அந்தக் கதையில் ஒரு நல்ல பகுதி நம் ஊரில் நடந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் வேர்டில் எந்த இடத்தில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பதும் தானாகப் புரியும். கல்லூரிகளில் விஸ்காம் மாணவர்களுக்கு நடத்தும் பாடம்தான். வீட்டில் நோட்டீஸ் அடிக்கும் நமக்கும் அது தேவைப்படுகிறது.

நீலப் பலகை

கடற்கரைப் பக்கம் துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று நடந்தவர்கள் அந்தத் தெருப் பெயர்ப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். நீல நிறத் தகட்டில் வெள்ளை எழுத்து. மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். இந்த நீலமும் வெள்ளையும் பாரிஸ் நகரத்துப் பழக்கம். 1840களில் அங்கே தெருப் பெயர்களை எல்லாம் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, எனாமல் பூசிய பலகைகளில் வைக்க முடிவு செய்தார்கள். தூரத்தில் இருந்தும், மங்கிய வெளிச்சத்திலும் படிக்க வேண்டும். மழையிலும் வெயிலிலும் அழியக் கூடாது. இந்த இரண்டு தேவைகளிலிருந்து பிறந்த டிசைன் அது.

அடுத்த முறை போகும்போது பலகைக்கு எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள். பிரெஞ்சுப் பெயர் முழுவதும் கேப்பிடல் எழுத்துகளில் இருக்கும். கேப்பிடல் எழுத்துகள் செங்கல் அடுக்கியது போல. எல்லாம் ஒரே உயரம். தமிழில் கேப்பிடல் கிடையாது. ட, ப, ம போன்றவை ஓர் உயரத்தில் நிற்கும். ஆனால் 'வீதி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்திலும் தலைக்கு மேல் கொக்கி. 'கு', 'சூ' என்று வந்தால் காலுக்குக் கீழே வால். இப்போது பிரெஞ்சு வரிக்கு ஒதுக்கிய அதே உயரத்தில் தமிழையும் எழுதச் சொன்னால் என்ன ஆகும்? கொக்கியும் வாலும் அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும். ஆக, நடுவில் இருக்கும் உடல் சுருங்கிவிடும்.

பல போர்டுகளில் தமிழ் இரண்டாம் பட்சமாகத் தெரிவதற்குக் காரணம் மொழிப் பற்று இல்லாமை என்று சண்டை போடுகிறோம். என் அனுபவத்தில், பாதிக் குற்றம் அளவு எடுத்த முறையில் இருக்கிறது. இரண்டு மொழிக்கும் சமமாக இடம் கொடுத்தோம் என்று ஸ்கேல் வைத்துக் காட்டுவார்கள். கண்ணுக்குச் சமமாக இருக்காது. கையால் எழுதும் பெயின்டர் இதைக் கண் அளவிலேயே சரி செய்துவிடுவார். கொக்கியைக் கொஞ்சம் மேலே தூக்கி விடுவார், வாலைச் சற்று மடக்குவார். சாப்ட்வேர் தானாக அப்படிச் செய்யாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். 2006 அக்டோபர் 1 முதல் இந்த யூனியன் பிரதேசத்தின் பெயர் ஆங்கிலத்திலும் 'பாண்டிச்சேரி' என்பதிலிருந்து 'புதுச்சேரி' என்று மாறியது. ஆங்கில லெட்டர் பேடு, சீல், போர்டு எல்லாம் மாற வேண்டியிருந்தது. தமிழில் முதலிலிருந்தே புதுச்சேரி என்று எழுதி வந்தவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை!

12 என்றால் எதில் 12?

வேர்டில் ஃபாண்ட் சைஸ் 12 என்று வைக்கிறோமே, அது 12 என்ன? மில்லிமீட்டரா, பிக்ஸலா? இரண்டும் இல்லை, பாயின்ட். இந்த அளவும் பிரான்சிலிருந்து வந்ததுதான். பாரிஸில் எழுத்து வார்த்துக்கொண்டிருந்த ஃபூர்னியே என்பவர் 1737இல் எழுத்துகளுக்குப் பாயின்ட் கணக்கை வெளியிட்டார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் அளவு. ஒருவரிடம் வாங்கிய எழுத்து மற்றவரிடம் வாங்கியதோடு சேராது. பின்னர் 1780களில் திதோ குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சுவா-அம்புரோவாஸ் திதோ, அன்றைய பிரெஞ்சு அங்குலத்தை 72 ஆகப் பிரித்து ஒரு பாயின்ட் என்று வைத்தார். அடோபி நிறுவனம் 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டுவந்தபோது, நாம் இன்று பயன்படுத்தும் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு என்று நிர்ணயித்தது. அதாவது சுமார் 0.353 மில்லிமீட்டர். உங்கள் 12 பாயின்ட் எழுத்து ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, 4.23 மில்லிமீட்டர்.

ஸ்கேல் எடுத்து ஒரு 12 பாயின்ட் எழுத்தை அளந்து பாருங்கள். 4.23 வராது. ஏன்? பாயின்ட் அளப்பது எழுத்தை அல்ல. எழுத்து உட்கார்ந்திருக்கும் ஈயத் துண்டை. அச்சுக் கோக்கும் காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறிய ஈயத் துண்டின் தலையில், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி இருக்கும். அந்தத் துண்டின் உயரம்தான் 12 பாயின்ட். துண்டுக்குள் எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்பது எழுத்தை வடிவமைத்தவரின் விருப்பம். இன்று ஈயம் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துண்டு ஒவ்வொரு ஃபாண்டிலும் அப்படியே இருக்கிறது.

சித்தப்பாவின் இரண்டாவது கோளாறு இதுதான். தமிழ் ஃபாண்டைச் செய்தவர் துண்டை நிரப்பும்படி எழுத்தைப் பெரியதாகச் செய்திருக்கிறார். பிரெஞ்சு ஃபாண்டைச் செய்தவர் சுற்றிலும் இடம் விட்டிருக்கிறார். இரண்டுக்கும் 14 என்று போட்டது துண்டைச் சமமாக்கியதே தவிர, எழுத்தைச் சமமாக்கவில்லை.

வரி இடைவெளியும் இதே கதைதான். இரண்டு வரிக்கு நடுவே மெல்லிய ஈயத் தகடு வைப்பார்கள். ஈயத்துக்கு ஆங்கிலத்தில் லெட். அதிலிருந்து வந்ததுதான் பேஜ்மேக்கரிலும் இன்டிசைனிலும் நீங்கள் பார்க்கும் 'லெடிங்'. வேர்டில் அதன் பெயர் லைன் ஸ்பேசிங்.

ஊரை விட்டுப் போன அச்சு இயந்திரம்

தமிழை ஈயத்தில் வார்த்தவர்கள் முதலில் முட்டிக்கொண்டது அளவில்தான். காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் தொடங்கியபோது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்யப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றை வைத்துப் பெரிய புத்தகம் அச்சிட்டால் காகிதத்துக்கு எங்கே போவது? காகிதம் கப்பலில் வர வேண்டிய காலம். எனவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள். எழுத்தின் அளவைக் காகிதச் செலவு தீர்மானித்தது. ஏ4 பேப்பர் ஒன்றில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்று நாம் 9 பாயின்டுக்கு இறங்குகிறோமே, அதே கணக்கு.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் மாளிகையிலும் ஓர் அச்சு இயந்திரம் இருந்தது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் லாலி சரணடைந்தபோது, பிடிபட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. சென்னைக்குக் கொண்டு போனார்கள். போன இடத்தில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இல்லை. எனவே வேப்பேரியில் இருந்த மிஷனரி பப்ரீசியஸிடம், கம்பெனி கேட்கும்போது கம்பெனி வேலைகளை அச்சிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். வேப்பேரி அச்சகம் அப்படித்தான் பிறந்தது. பப்ரீசியஸின் தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் அங்கேதான் அச்சாகி வெளிவந்தது. ஹார்டுவேர் கையில் இருந்தும் ஆபரேட்டர் இல்லாமல் திண்டாடிய முதல் அலுவலகம் கம்பெனிதான் போலிருக்கிறது!

அகராதி என்பது டிசைனருக்குச் சோதனை. ஒரே வரியில் இரண்டு மொழி வரும். தமிழ்ச் சொல், உடனே ரோமன் எழுத்தில் பொருள். இரண்டும் ஒரே உயரத் துண்டில் இருந்தால்தான் வரி இறுகும். துண்டு வேறு வேறு உயரம் என்றால் இடையில் காகிதமோ தகடோ வைத்து நிரப்ப வேண்டும். எனவே ரோமன் எழுத்தின் துண்டு அளவுக்குத் தமிழையும் செதுக்க வேண்டி வந்தது. புதுச்சேரியிலேயே, பாரிஸ் மிஷன் பாதிரியார்களின் அச்சகத்தில் முசே, துப்புய் இருவரும் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855லும் 1862லும் இரண்டு பாகங்களாக வந்தது. அதே 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி வந்தது. அந்த அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹன்ட், சிறிய அளவில் தெளிவாகப் படிக்கும்படியான தமிழ் எழுத்துகளைச் செய்வித்தவர். இந்த அகராதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு பக்கத்தை டவுன்லோடு செய்து 200 சதவிகிதம் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழும் ரோமனும் ஒன்றுக்கொன்று எப்படி விட்டுக்கொடுத்து நிற்கின்றன என்பது புரியும். சித்தப்பாவின் அழைப்பிதழுக்குத் தேவைப்பட்டது இதே வேலைதான்.

தும்பிக்கை போன கதை

ரோமனில் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, கொஞ்சம் எண்களும் குறிகளும். அச்சுக் கோப்பவர் எதிரே உள்ள மரத் தட்டின் அறைகளில் எல்லாம் அடங்கிவிடும். தமிழில் கி, கீ, கு, கூ ஒவ்வொன்றும் தனித் துண்டு. அறைகள் போதாது, கை எட்டாத தூரத்துக்குத் தட்டுகள் நீளும். அறை ஒன்று குறைந்தாலும் லாபம் என்ற நிலைமை.

பழைய புத்தகங்களில் லை, ளை, ணை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போன்ற சுழியோடு, ஒரே துண்டாக இருக்கும். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவம். பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' இதழில் இவற்றை மாற்றிக்காட்டினார். மற்ற எழுத்துகளுக்கு வரும் அதே துணைக்காலும் அதே ஐகாரக் குறியும் இவற்றுக்கும் போதும் என்றார். தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் இதை ஆணையாக்கியது. மொத்தம் 13 எழுத்துகள் மாறின. எழுத்து வடிவம் மாறுவது அதற்கு முன்பும் நடந்ததுதான். ஏகார, ஓகாரங்களைக் குறிலிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துக் காட்டியது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றம்.

இந்த மாற்றத்துக்கு அச்சுக்கூட வசதியும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. டைப்ரைட்டரில் இடம் இன்னும் குறைவு. முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளிக்கு நகராத விசை ஒன்று உண்டு. அதை அழுத்தினால் காகிதம் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்தின் தலையில் புள்ளி விழும். ஒல்லியான எழுத்துக்கும் பருத்த எழுத்துக்கும் புள்ளி ஒரே இடத்தில்தான் விழும். அழகு கெட்டது, வேலை நடந்தது.

சிலர் பழைய தும்பிக்கை லை வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். கல்வெட்டு மாதிரி அழைப்பிதழ், பழைய கடைக்குப் பழைய மாதிரி போர்டு என்று கேட்பார்கள். யூனிகோடில் இதற்குத் தனி எண் கிடையாது. பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே எழுத்துதான். எப்படிக் காட்டுவது என்பது ஃபாண்டின் பொறுப்பு. பழைய வடிவம் உள்ள ஃபாண்டை மாற்றிப் போட்டால் போதும், மீண்டும் டைப் செய்ய வேண்டாம்.

முதல் பக்கத்தில் படம்

கருவி என்ன அனுமதிக்கிறதோ அதை மட்டும் செய்வது ஒரு வழி. படிப்பவருக்கு என்ன தேவை என்று பார்த்துவிட்டுக் கருவியை வளைப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் பாரதியாரின் 'இந்தியா'.

1906இல் சென்னையில் தொடங்கிய வாரப் பத்திரிகை அது. 1908இல் கைது நடவடிக்கைகள் வந்தபின் பாரதி புதுச்சேரிக்கு வந்தார். அக்டோபரிலிருந்து 'இந்தியா' இங்கிருந்து வந்தது. முதல் பக்கத்தில் தலைப்புச் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் கருத்துப்படம் போட்டார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் கார்ட்டூனைத் தொடர்ந்து வெளியிட்ட முன்னோடி 'இந்தியா'தான். அன்றைய அச்சகத்தில் எழுத்து மட்டும் போடுவது மலிவு. படம் என்றால் கூடுதல் செலவு, கூடுதல் நேரம். இருந்தும் வாரா வாரம் போட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலம். ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு படம் இருந்தால் விஷயம் மனத்தில் நிற்கும். படங்களுக்கென்றே 'சித்திராவளி' என்று ஓர் இதழ் கொண்டுவரவும் பாரதி திட்டமிட்டார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை போவதை அரசு தடுத்ததால் 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றுபோனது. 'சித்திராவளி' வரவே இல்லை. 'இந்தியா'வின் கருத்துப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994இல் புத்தகமாக்கினார்.

இன்று வாட்ஸ்அப்பில் பாதிப் பேர் அனுப்புவது படத்தின் மேல் இரண்டு வரி. அதை 'இந்தியா'வின் ஒரு பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். படம் என்ன சொல்கிறதோ அதையே எழுத்தும் திரும்பச் சொன்னால் இடம் வீண். சித்தப்பாவின் அழைப்பிதழில் ஒரு பக்கம் பிள்ளையார், ஒரு பக்கம் நாதஸ்வரம், நடுவில் குத்துவிளக்கு, கீழே கைகுலுக்கும் இரண்டு கைகள் என்று நான்கு கிளிப் ஆர்ட் இருந்தது. எதையாவது மூன்றை எடுக்கலாமே என்றேன். குத்துவிளக்கு மட்டும் மிஞ்சியது. பிள்ளையாரை எடுக்கச் சித்தி ஒப்பவில்லை. எனவே அவரும் இருக்கிறார்.

256 அறைகள்

இப்போது பூச்சி எழுத்துக்கு வருவோம். 1990களில் டீ.டி.பி. வந்தபோது ஈயமும் மரத் தட்டும் போயின. ஆனால் ஒரு புதிய தட்டு வந்தது. ஒரு ஃபாண்டில் அதிகபட்சம் 256 அறைகள். அதிலும் சில அறைகளைத் தொடக் கூடாது. அந்த அறைகளில் ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டுத் தமிழை வைத்தார்கள். எந்த அறையில் எந்தத் தமிழ் எழுத்து என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதம். ஸ்ரீலிபி ஒரு மாதிரி, பாமினி ஒரு மாதிரி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டில் டாம், டாப் என்று பொது முறைகளைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஊரெல்லாம் ஆளுக்கொரு ஃபாண்ட் பரவிவிட்டது.

சித்தப்பா அரசு அலுவலகத்தில் பாமினியில் பழகியவர். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், கம்ப்யூட்டர் சேமிப்பது தமிழை அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கில அடையாளங்களை. பாமினி ஃபாண்ட் இருந்தால் அது அம்மாவாகத் தெரியும். பிரஸ்காரர் கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லை, அம்மா பூச்சியானார்.

யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். 'அ' என்றால் 2949, எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்த மொபைலிலும். இங்கே ஃபாண்டின் அறைகளுக்கும் 256 என்ற எல்லை இல்லை. ஓபன்டைப் ஃபாண்டுகளில் கி, கீ, கு, கூ ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் செய்து வைக்கலாம். புள்ளியை ஒவ்வோர் எழுத்துக்கும் சரியான இடத்தில் வைக்கலாம். தமிழ் எழுத்தைச் சுருக்கச் சொல்லிக் கருவி கட்டாயப்படுத்தாத காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. அப்படியும் நாம் பழைய பழக்கத்திலேயே ஒரே சைஸ், ஒரே லைன் ஸ்பேசிங் என்று அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி உங்கள் கம்ப்யூட்டரில்

முதலில் பழைய ஃபைலை மாற்ற வேண்டும். பாமினி, டாப், டாம் எழுத்தை யூனிகோடாக மாற்றும் கன்வர்ட்டர்கள் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. டெக்ஸ்ட்டைக் காப்பி செய்து, எந்த ஃபாண்ட் என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். பிரெஞ்சுப் பகுதியைச் சேர்த்துக் காப்பி செய்யாதீர்கள். அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். மாற்றிய பின் பெயர்களை ஒரு முறை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கவும். கல்யாணப் பத்திரிகையில் மாமனார் பெயரில் பிழை வந்தால் கன்வர்ட்டர் மேல் பழி போட முடியாது.

அடுத்தது ஃபாண்ட். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து வந்த லதா, விண்டோஸ் 10 முதல் தானாக வருவதில்லை. தேவையானால் தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ் என்பதைச் சேர்க்க வேண்டும். உடன் வருவது நிர்மலா யூஐ. திரையில் படிக்கச் செய்யப்பட்டது, அழைப்பிதழுக்குச் சற்று வறட்டு. கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் கட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் போன்றவை இலவசம். இவற்றில் தமிழும் ரோமனும் ஒன்றாகவே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன; பருமனும் உயரமும் பொருந்தும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரானில் ஒன்பது பருமன்கள் உண்டு. புத்தக எழுத்தின் சாயல் வேண்டுமானால் நோட்டோ செரிஃப் தமிழ் பாருங்கள். ஜிப் ஃபைலைப் பிரித்து, ஃபாண்ட் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் முடிந்தது.

ரோமனுக்கு வேறு ஃபாண்ட்தான் வேண்டும் என்றால் அளவைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் சென்று தமிழைச் சேர்த்துவிடுங்கள். பிறகு கண்ட்ரோல் + டி அழுத்தினால் வரும் விண்டோவில் லத்தீன் டெக்ஸ்ட், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று இரண்டு பகுதிகள் தெரியும். தமிழ் இரண்டாவதில் வரும். அங்கே 12 என்றும் மேலே 13 என்றும் தனித்தனியாகக் கொடுக்கலாம். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுக்கு டிக் செய்துகொண்டால் இதே வசதி கிடைக்கும்.

எந்த எண் சரி? கணக்கு எளிது. பிரெஞ்சு வரி முழுவதும் கேப்பிடலில் இருந்தால், தமிழில் 'ப', 'ட' ஆகியவற்றின் உடல் உயரம் கேப்பிடல் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். கொக்கியும் வாலும் வெளியே நீண்டால் நீளட்டும். சிறிய எழுத்தில் இருந்தால், ஆங்கிலச் சின்ன 'எக்ஸ்' எழுத்தின் உயரத்தைவிடத் தமிழ் உடல் சற்று அதிகமாக இருக்கட்டும். எண்ணைப் பார்க்காமல் பிரிண்டைப் பாருங்கள். பிரிண்ட் எடுக்கும்போது 'ஃபிட்' என்பதை விட்டு 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுக்கவும். இல்லையென்றால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும். கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் எந்த மொழி முந்திக்கொண்டு நிற்கிறது என்று தெரியும்.

லைன் ஸ்பேசிங்கில் 'எக்ஸாக்ட்லி' என்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வால் வெட்டுப்படுவதற்கும் இடிபடுவதற்கும் அதுதான் முதல் காரணம். 'மல்டிபிள்' தேர்ந்தெடுத்து 1.2இல் தொடங்கிப் பாருங்கள். எழுத்து அகலமாக வேண்டும் என்று கோரல்டிராவில் பிடித்து இழுக்காதீர்கள். செங்குத்துக் கோடு தடித்து, படுக்கைக் கோடு மட்டும் பழைய பருமனிலேயே நின்று, எழுத்து நீர் கோத்தது போலாகும். பருமன் வேண்டுமானால் அந்த ஃபாண்டிலேயே போல்டு எடுங்கள்.

நம் ஊரில் அழைப்பிதழுக்குக் கைவினைக் காகிதம் வாங்குவோர் அதிகம். 1959இல் அரவிந்தர் ஆசிரமத்தார் தொடங்கிய தொழிற்கூடத்தால் பிரபலமானது. அழகான காகிதம், ஆனால் மேடு பள்ளமானது, மையை உறிஞ்சும். இங்க்ஜெட்டில் மெல்லிய கோடுகள் விட்டுப்போகும், நெருக்கமான இடங்கள் அடைந்துபோகும். மெல்லிய கோடும் தடித்த கோடும் கலந்த ஃபாண்டை விட்டுவிட்டு, ஒரே சீரான கோடுள்ள ஃபாண்டாக, ஒரு பாயின்ட் கூட்டி வையுங்கள்.

பிரஸ்ஸுக்கு வேர்டு ஃபைலைக் கொடுக்காதீர்கள். சேவ் ஆஸ் சென்று பி.டி.எஃப். ஆக, 'ஸ்டாண்டர்டு' தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அடோபி ரீடரில் திறந்து ப்ராபர்ட்டீஸ், ஃபாண்ட்ஸ் பார்த்தால் ஒவ்வொரு ஃபாண்டுக்கும் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். டெக்ஸ்ட்டாகத்தான் வேண்டும் என்று பிரஸ்காரர் கேட்டால், அவர் எதில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பேஜ்மேக்கர் என்றால் யூனிகோடு தமிழ் ஓடாது. இன்டிசைன் என்றால் பாராகிராப் செட்டிங்கில் 'வேர்ல்டு ரெடி காம்போசர்' தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கொம்பு இடம் மாறி வந்து நிற்கும்.

சித்தப்பாவின் அட்டையில் கடைசியாகத் தமிழுக்கு 12, பிரெஞ்சுக்கு 13.5 என்று நின்றது. பிரெஞ்சுப் பெயர்களில் 'இ' எழுத்தின் மேல் வரும் சாய்கோட்டைத்தான் அவர் பேனாவால் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். 300 அட்டைக்கும்! நம் லாக்கை ஆன் செய்து, ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் விசைகளில் 0233 அடித்தால் அது வந்துவிடும் என்று காட்டினேன். இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, அந்த எண்ணைத் தன் டெலிபோன் டைரியில் 'பிரெஞ்சு' என்று பெயர் போட்டு எழுதி வைத்துக்கொண்டார்.